பில்ட்டர் சற்குணத்தின் ஒரே வரி

ஒஸ்லோ தமிழர்களுக்குள் சற்குணம் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் டாக்சி ஓட்டினார். அவர் டாக்சி சற்குணம். இன்னொருவருக்கு இளமையிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. அவருடைய பட்டப்பெயரை இங்கே எழுதுவது மரியாதையில்லை. மூன்றாமவர்தான் நம்முடைய ஆள். ஹொல்ம்லியாவில் மூன்றாம் மாடியில் வீடு, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற தொழிற்சாலையில் வேலை, வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத சுபாவம். பாவம், அவருக்குப் பல வருடங்களாக ஒரு பட்டப்பெயர்கூடக் கிடைக்கவில்லை. "மங்களேஸ்வரியின்ரை மனுசன்" என்று சொன்னால்தான் பாதிப்பேருக்கு ஆள் பிடிபடும்.

பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது லொத்தோ. நோர்வேயில் சனிக்கிழமை பின்னேரம் ஆனால் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காராத வீடு குறைவு. முப்பத்துநான்கு பந்துகள் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் துள்ளும், ஏழு வெளியே வரும். அந்த ஏழு எண்களையும் ஒரே வரியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவருக்கு முதல் பரிசு. சற்குணம் எல்லாரையும்போலப் பிறந்தநாட்களை எழுதிப் பார்த்தார், கார் இலக்கங்களை எழுதிப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தொடக்கத்தில் இணையத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்போது, லொத்தோ எண்களை ஆராய்வதற்கென்றே அமெரிக்காவில் யாரோ செய்துவைத்த மென்பொருள் ஒன்று அவர் கண்ணில் பட்டது.

அதை இறக்கி, நோர்வேயில் லொத்தோ தொடங்கிய காலத்திலிருந்து விழுந்த எண்களையெல்லாம் தேடியெடுத்துத் தட்டி ஏற்றுவதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் போயிற்று. அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம். மென்பொருளுக்குள் பில்ட்டர் என்கிற வடிகட்டிகள் பல இருந்தன. ஒன்று, ஏழும் இரட்டை எண்ணாக வருகிற வரிகளைத் தள்ளும். இன்னொன்று, அடுத்தடுத்த எண்களாக வரும் வரிகளைத் தள்ளும். இவற்றுக்கெல்லாம் தலைவன் ட்ரெண்ட் பில்ட்டர். ஒவ்வொரு எண்ணும் இத்தனை வருடமாகச் சராசரியாக எத்தனை முறை வந்தது, இப்போது கடைசிச் சில கிழமைகளாக எப்படி வருகிறது என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஏறுமுகத்தில் நிற்கும் எண்ணுக்குப் பச்சைக் கோடு, இறங்குமுகத்துக்குச் சிவப்புக் கோடு. சிவப்பைத் தள்ளி, பச்சையை வைத்துக்கொண்டு, பிடியை இறுக்கி இறுக்கிக் கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சும்வரை சற்குணம் விடமாட்டார்.

அவருடைய மனைவி மங்களேஸ்வரி ஊரில் கணக்குப் படிப்பித்தவள். ஒஸ்லோவில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறாள். அவளுக்கு இந்தக் கூத்தைப் பார்க்கப் பற்றி எரிந்தது.

"பந்துக்கு ஞாபகம் இருக்கே, போன கிழமை நான் வந்தனான், இந்தக் கிழமை நீ போ எண்டு சொல்லிறதுக்கு?"

"பந்துக்கு இல்லையப்பா. கொம்பியூட்டருக்கு இருக்கு."

"இறுக்கிக்கொண்டே போனால் எதை எடுத்தாலும் கடைசியிலை ஒண்டுதான் மிஞ்சும். அது நல்லது எண்டு ஆர் சொன்னது?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடுகள் பச்சையாக எழும்புவதைப் பார்க்கவே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதே வருடம் அவருடைய வேலைத்தலச் சிநேகிதன் ஜெயரத்தினம் அந்த வரியைக் கேட்டு வாங்கிப் போட்டார். ஐந்து எண் சரிவந்தது. பெரிய பரிசொன்றுமில்லை, குடும்பத்தோடு போய் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் ஜெயரத்தினத்தின் வாய் சும்மா இருக்குமா? அடுத்த சனிக்கிழமையே தமிழ்ப் பள்ளியில் கதை பரவிவிட்டது.

தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் ஒரு நோர்வேஜியப் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நடக்கும். பிள்ளைகள் மேலே ஆனா ஆவன்னா எழுத, தாய் தகப்பன்மார் கீழே கன்ரீனில் ரோல்ஸ் தின்று, கோப்பி குடித்து, ஊர்வம்பும் ஊர்த்துளவாரமும் பேசி நேரத்தைப் போக்குவார்கள். சற்குணமும் மகள் யதுர்ஷாவைக் கூட்டிவந்து, சுவரோடு ஒட்டி நின்று கோப்பி குடித்துவிட்டுப் போகிற ஆள்தான். ஐந்து எண் கதைக்குப் பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. ஜன்னலோரம், ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை உண்டு. "பில்ட்டர் அண்ணை வாறார், எழும்படா" என்று யாராவது இடம் விட்டுக் கொடுத்தார்கள். கேட்காமலே கோப்பி வந்தது. கன்ரீனில் ரோல்ஸ் விற்கிற புஷ்பராணி அக்கா அவருக்கென்று உறைப்புக் குறைந்ததை எடுத்து வைத்தார். உண்மையைச் சொன்னால், முதல் பரிசைவிட அந்தக் கதிரை அவருக்கு இனித்தது. இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடத்தில் தான் வருவதைப் பார்த்து ஒருவர் எழும்பியது அதுதான் முதல் தடவை. அது போய்விடக்கூடாதே என்ற பயமும் அன்றைக்கே வந்துவிட்டது.

வரி கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் எல்லார் முன்னாலும் கேட்கமாட்டார்கள். மேலங்கி கொழுவுகிற இடத்தில் ஒருவர், கார் நிறுத்துமிடத்தில் ஒருவர், தொலைபேசியில் ஒருவர். சற்குணம் எல்லாருக்கும் அந்தந்தக் கிழமையின் அதே வரியைக் கொடுத்தார். மென்பொருள் கடைசியாக விட்டுவைக்கும் வரிதானே நல்ல வரி? ஒருவருக்கு நல்லதையும் மற்றவருக்குக் கழித்ததையும் கொடுப்பது பந்தி வஞ்சகம். பந்தியில் உட்கார்ந்த ஒருவருக்கு வடை வைத்து, பக்கத்து இலைக்கு வெறும் சோறு வைக்கிற வேலையை அவருடைய வீட்டில் யாரும் செய்ததில்லை. அவரும் செய்யமாட்டார். கொடுக்கும்போது, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்று மட்டும் சொல்வார். வாங்கினவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, தம்பிக்கு மட்டும், மைத்துனிக்கு மட்டும், லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற சகலனுக்கு மட்டும் சொன்னார்கள். நம்மவர்களிடம் ரகசியம் போகிற வேகத்துக்கு ரயில்கூடப் போகாது.

இரண்டாயிரத்து ஐந்து நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வெளியே ஈரப்பனி. சற்குணம் சோபாவில், யதுர்ஷா கீழே கம்பளத்தில், மங்களேஸ்வரி குசினி வாசலில் கறிக்கு வெங்காயம் உரித்தபடி. கூண்டு சுற்றத் தொடங்கியது. பத்தொன்பது வந்தது. மூன்று வந்தது. முப்பத்தொன்று வந்தது. நாலாவது பந்து வந்தபோது சற்குணம் காலை மடக்கி உட்கார்ந்தார். ஐந்தாவதுக்கு எழும்பி நின்றார். ஆறாவதுக்கு யதுர்ஷா திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஏழாவது பந்து உருண்டு வந்து நின்றது. இருபத்தேழு.

"அப்பா, இது எங்கடை ரெக்கே" என்றாள் யதுர்ஷா. வரி என்பதற்கு அவளுக்கு அந்த நோர்வேஜியச் சொல்தான் வாயில் வந்தது.

சற்குணம் கூப்பனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். மங்களேஸ்வரி கத்தியை வைத்துவிட்டு வந்து கூப்பனைப் பறித்து, எண்ணெண்ணாகத் திரையோடு ஒத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். பிறகு சோபாவில் பொத்தென்று இருந்துவிட்டாள்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் படிப்பிச்சது?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஜெயரத்தினம். மனிதர் விம்மி விம்மி அழுதார். "மச்சான், நீ எனக்குத் தெய்வமடா. இனி நான் அந்த ஈரத் துணியைத் தொடமாட்டன்." சற்குணத்துக்கும் கண் கலங்கியது. இரண்டு பேருக்கு விழுந்தால் பரிசு இரண்டாகப் பிரியும், அதனாலென்ன, சிநேகிதன்தானே என்று மனம் நிறைந்தது. போனை வைத்தார், மறுபடி அடித்தது. புஷ்பராணி அக்கா. அவரும் அழுதார். அதை வைக்கமுன் கைத்தொலைபேசி அடித்தது. அது சிவகரன், அச்சகத்தில் வேலை செய்கிற பொடியன். அவனுக்குப் பிறகு, தமிழ்ப் பள்ளியில் பார்த்துப் பழகின கனகேஸ்வரி. அவருக்குப் பிறகு லில்லெஸ்ட்ரோமிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், "நீங்களோ அண்ணை அந்தப் பில்ட்டர் அண்ணை? நீங்கள் நல்லாயிருக்கவேணும்" என்றாள்.

முதல் மூன்று அழைப்புக்குச் சிரித்த முகம் நாலாவதில் வெளிறத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் விழுந்தது என்ற நினைப்பில் பேசினார்கள். சிலர் வாழ்த்தை முடித்துவிட்டு, "நீங்களும் போட்டனீங்களோ?" என்று மெல்லக் கேட்டார்கள். "ஓம்" என்றதும் அந்தப் பக்கத்துக் குரல் கொஞ்சம் இறங்கியது. சற்குணம் அதை அப்போது கவனிக்கவில்லை. இன்னும் எத்தனை பேர் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில், முடிவுகளை எழுத்தாகக் காட்டும் தொலைக்காட்சியின் எழுத்துப் பக்கத்தில் பதில் வந்தது. வழக்கமாக மூன்று பேர், ஐந்து பேர் என்று இருக்கும் இடத்தில், முதல் பரிசு பெற்றவர்கள் அறுபத்தொரு பேர் என்று இருந்தது. அறிவிப்பாளர்களுக்கே விளங்கியிருக்காது. மங்களேஸ்வரிக்கு விளங்கியது. மனதுக்குள்ளே வகுத்துப் பார்த்தாள்.

"ஒரு பழைய டொயோட்டா வாங்கலாம்" என்றாள்.

பந்துகள் விழுந்ததற்கும் இந்த முடிவு வந்ததற்கும் இடையில் இருந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஜெயரத்தினம் ஒரு காரியம் செய்துவிட்டார். தொழிற்சாலையில் அவர்களுக்கு மேற்பார்வையாளன் ஆர்னே. நீளப் பெயர் வாய்க்குள் நுழையாதென்று ஜெயரத்தினத்தை வருடக்கணக்காக 'ஜே' என்று கூப்பிடுகிறவன். ஜெயரத்தினம் அவனுடைய வீட்டுக்கே போன் போட்டு, "என்ரை பேர் ஜே இல்லை. ஜெயரத்தினம். இனி நான் வரமாட்டன்" என்று நோர்வேஜியத்தில் இலக்கணப் பிழையில்லாமல் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் எழுத்துப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்.

இரண்டாம் சுற்று அழைப்புகள் தொடங்கின. இந்த முறை யாரும் அழவில்லை.

"எனக்கு மட்டும் எண்டுதானேடா தந்தனீ?" என்றார் ஜெயரத்தினம்.

"மச்சான், நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டுதான் சொன்னனான்."

"அதுக்கு அதுதானே அருத்தம். ஏமாத்திப்போட்டாய். வேலையையும் விட்டிட்டனடா."

புஷ்பராணி அக்கா, "எங்கடை வாயிலை மண்ணை அள்ளிப் போட்டிட்டியளே தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்தார். சிவகரன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்தான். லில்லெஸ்ட்ரோம் பெண் மறுபடி எடுத்து, "இப்பிடி ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறதெண்டால் எங்களுக்கு என்னத்துக்குத் தந்தனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு அவர் கொடுக்கவேயில்லை.

சற்குணம் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றார். பந்துகள் விழுந்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. காலையில் வெறுங்கையோடு எழும்பின அறுபது வீட்டில் இரவு ஒரு காருக்குக் காசு இருக்கிறது. அத்தனை வீட்டிலும் இழவு விழுந்தமாதிரி இருக்கிறார்கள்.

"நான் என்னப்பா பிழை விட்டனான்? ஒருத்தருக்கும் வஞ்சகம் செய்யேல்லையே" என்றார்.

"அதுதான் பிழை" என்றாள் மங்களேஸ்வரி. "எல்லாருக்கும் விழுந்தால், அவைக்குத் தங்களுக்கு விழாத மாதிரித்தான்."

திங்கட்கிழமை ஜெயரத்தினம் வேலைக்கு வந்தார். வேறு வழியில்லை. ஆர்னே ஒன்றும் கேட்கவில்லை. வாயைக் கோணி, மூன்று தரம் இடறி, "குட் மொர்ன், ஜெ-ய-ரத்-னம்" என்று மட்டும் சொன்னான். ஜெயரத்தினம் சற்குணத்தின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஈரத் துணிகளை வண்டிலில் ஏற்றினார். அந்தக் கிழமை முழுவதும் இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கத்தில் நின்று, படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு நுனி பிடித்து மடித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சற்குணம் மகளோடு தமிழ்ப் பள்ளிக்குப் புறப்பட்டார். கதிரை இருக்குமோ இல்லையோ என்பதுதான் வழி முழுவதும் யோசனை. போய்ப் பார்த்தால் கதிரை வெறுமையாக இருந்தது. ஆனால் யாரும் எழும்பித் தந்து வெறுமையானதில்லை. யாரும் அதில் இருக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து மேசைக் கதை அவரைக் கண்டதும் நின்றது. கோப்பி வரவில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஹீட்டர் சூடாகத்தான் இருந்தது, இருந்தும் அவருக்குக் குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலங்கியில் விட்டுவந்த கண்ணாடியை எடுக்கப் போனார். பின்னாலேயே புஷ்பராணி அக்கா வந்தார்.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு. கோவத்திலை கதைச்சதை மனசிலை வச்சிருக்காதையுங்கோ. இந்தக் கிழமை எனக்கு மட்டும் தாங்கோ. வேறை ஒருத்தருக்கும் வேண்டாம்."

சற்குணம் திகைத்துப்போய் நின்றார். அக்கா போனதும் சிவகரன் வந்தான். "அண்ணை, தனிய எனக்கு ஒரு வரி." பிறகு கனகேஸ்வரி, கண்ணால் ஜாடை காட்டிப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். அவருக்கும் தனிய ஒரு வரி. காறித் துப்பாத குறையாகப் பேசினவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியாக வந்தவர் ஜெயரத்தினம். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசினார்.

"மச்சான், எனக்குத் தா."

"இருக்கிறது ஒரு வரிதானேடா."

"அதைத்தான் கேக்கிறன். அதை எனக்குத் தந்திட்டு, மற்றவைக்குக் கழிச்சதிலை ஏதாவது எழுதிக் குடன். அவைக்கு என்ன தெரியப்போகுது?"

சற்குணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பதினைந்து வருடமாகத் தெரிந்த முகம், தெரியாத முகமாக இருந்தது. ஆம் என்று சொன்னால் கோப்பி வரும், கதிரைக்கு மரியாதை வரும், சிநேகிதனும் வருவான். எல்லாருக்கும் ஒவ்வொரு குப்பை வரியை எழுதிக் கொடுத்தால் எல்லாருமே வருவார்கள். அவ்வளவு சுலபம். அதை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் கன்ரீனுக்குள் திரும்பிவந்தார். கதிரைக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமினார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர் நின்றதைப் பார்த்துச் சனம் அடங்கியது.

"இந்தக் கிழமை வரி" என்றார். "ஐஞ்சு, எட்டு, பன்ரண்டு, பதினாறு, இருவத்திமூண்டு, இருவத்தொம்பது, முப்பத்திரண்டு. விரும்பின ஆக்கள் எழுதுங்கோ."

ஒருவரும் பேனை எடுக்கவில்லை. புஷ்பராணி அக்கா ரோல்ஸ் தட்டை மூடினார். சிவகரன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். ஜெயரத்தினம் தலையை ஆட்டி, "விசரன்" என்று வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து கதை தொடங்கியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த ஏழு எண்ணுக்காக மேலங்கிகளுக்கு நடுவில் காத்து நின்றவர்கள்தான் இவர்கள். எல்லாருக்கும் தெரிந்தவுடன் அது அவர்களுக்கு வேண்டாத சாமானாகிவிட்டது. சற்குணம் மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். கோபம் இருந்தது, ஆனால் மனம் லேசாகவும் இருந்தது. நான் சரியாகத்தான் நடந்தேன், இந்தச் சனம்தான் இப்படி என்று ரயில் பயணம் முழுவதும் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஹொல்ம்லியா நிலையத்தில் மங்களேஸ்வரி சாமான் பைகளோடு காத்து நின்றாள். சற்குணம் அவளையும் மகளையும் வெளியே விட்டுவிட்டுக் கடைக்குள் போய், ஒரு கூப்பனை எடுத்து, சுவரோரத் தட்டில் வைத்து நிரப்பத் தொடங்கினார். ஐந்து. எட்டு. பன்னிரண்டு. பதினாறு. இருபத்துமூன்று. இருபத்தொன்பது. அடுத்தது முப்பத்திரண்டு. பேனை முப்பத்திரண்டுக்கு மேலே வந்து நின்றது.

யாராவது எழுதாமல் மனதில் வைத்திருப்பார்களோ? சிவகரனுக்கு ஞாபகசக்தி கூட. லில்லெஸ்ட்ரோமுக்கு இப்போதே யாராவது போன் பண்ணியிருப்பார்களோ? பேனை தானாக ஒரு கட்டம் தள்ளிப்போய், முப்பத்துமூன்றில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டது.

சற்குணம் அந்தப் புள்ளடியைப் பார்த்தார். முகத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. முப்பத்துமூன்று சிவப்புக் கோட்டில் கிடந்த எண். மென்பொருள் கழித்த எண். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் நம்பின கணக்கு அதை வேண்டாம் என்று சொன்னது. வேறு ஒருவரிடமும் இருக்காது என்பதைத் தவிர அதில் வேறெந்த நன்மையும் இல்லை. அந்தப் படிக்கட்டிலும் மேலங்கிகளுக்கு நடுவிலும் கேட்ட குரல்கள் எல்லாம் இப்போது அவருடைய கைக்குள்ளிருந்து கேட்டன.

இன்னொரு கூப்பன் எடுத்துச் சரியாக எழுதலாம். கூப்பன் தட்டு நிறையக் கிடந்தது. அவர் எடுக்கவில்லை. கையில் இருந்ததையே கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரப் பெண் அதை இயந்திரத்துக்குள் விட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அதிர்ஷ்டம் வரட்டும் என்று வாழ்த்தினாள்.

வெளியே வந்தபோது மங்களேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். கன்ரீனில் நடந்ததை யதுர்ஷா ஒன்று விடாமல் சொல்லி முடித்திருந்தாள். இந்த விசர் மென்பொருள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவளுடைய கண்ணில் கணவனைப் பற்றி ஒரு பெருமை தெரிந்தது.

"எல்லாருக்கும் சொன்ன அதே வரியைத்தானே போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் சற்குணம்.

அவள் ஒரு பையை அவரிடம் கொடுத்தாள். மூன்று பேரும் ஈரப்பனியில் வீட்டுக்கு நடந்தார்கள். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஜன்னலோரக் கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது. சற்குணம் பழையபடி சுவரோடு ஒட்டி நின்று கோப்பியைக் குடித்தார்.